கவாத்து அடித்தால்தான் பருவம்

திராட்சை என்றால் வருஷத்துக்கு ஒரே அறுவடை என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் கதை வேறு. பன்னீர் திராட்சைக்குப் பருவத்தைத் தொடங்கி வைப்பதே கவாத்துக் கத்தரிதான்; கவாத்து என்றால் கொடியின் கிளைகளை வெட்டிவிடுவது. வெட்டியதிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் பழம். ஒரு தோட்டத்தில் மொட்டைப் பந்தல் நிற்கும், வரப்பு தாண்டினால் கறுத்த குலை தொங்கும்.

கோடைப் பழம்தான் இனிப்பு, என் நாக்குக்கு. ஐப்பசி மழையில் பூ எடுத்தால் தூக்கம் போச்சு. இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று கொடி கொடியாகப் புரட்டிப் பார்க்கணும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்கணும். அடித்ததை அடுத்த மழை கழுவிவிடும், திரும்பவும் அடிக்கணும்.

2023-ல் எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, சந்தோஷம். விலை சொல்வது இன்னமும் வியாபாரிதான். நாளைக்குக் கிழக்குப் பந்தலில் கவாத்து, ஆளுக்குச் சொல்லியாச்சு.