கேமரா தலையைத் தொங்கப் போடுகிறதா? அந்த நீளக் கையைக் கழற்றுங்கள்

சைக்கிளில் கேமரா மாட்டி, காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் 70 கொண்டை ஊசி வளைவையும் படம் பிடித்தேன் என்று நண்பர்கள் வீடியோ அனுப்புவார்கள். பத்தாவது வளைவு வரைக்கும் சாலை தெரியும், அதற்கப்புறம் முன் டயர்தான். உடனே கேமரா சரியில்லை, வேற மாடல் வாங்கணும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேமராவில் ஒரு குறையும் இல்லை, மாட்டிய விதம்தான் கோளாறு.

பெரும்பாலும் குற்றவாளி, செட்டாக விற்கிறார்களே, அந்த மூன்று மடிப்புக் கை. மூட்டு ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் விரல்கள் ஒன்றையொன்று உரசிப் பிடிக்கிற பிடியில்தான் நிற்கிறது. கோப்ரோ மாதிரி ஒரு கேமரா 150 கிராம் சொச்சம் வரும். தூக்கிப் பார்த்தால் அது லேசுதான், ஆனால் அந்த மடிப்புக் கையின் நீளம் கூடக் கூட, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த எடை மூட்டை இழுக்கிற விசையும் கூடும். அதனால் ஒரே மூட்டு போதும், கேமரா ஹேண்டில்பாரை ஒட்டி உட்காரட்டும்.

அடுத்தது கிளாம்ப் அளவு, அதாவது ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கிற வளையத்தின் அளவு. இப்போதைய சைக்கிள் பலவற்றில் ஹேண்டில்பார், அதை நடுவில் பிடித்திருக்கிற ஸ்டெம் பக்கத்தில் 31.8 மி.மீ. இருக்கும், பழைய ஸ்டீல் வண்டிகளில் 25.4. நேர் ஹேண்டில்பாரில் கைப்பிடிப் பக்கம் போகப் போக 22.2 ஆகச் சிறுத்துவிடும், நடுவில் இருக்கிற அந்தச் சரிவில் கிளாம்பை மாட்டிவிட்டு எவ்வளவு முறுக்கினாலும் அது மெலிந்த பக்கமாக நழுவத்தான் பார்க்கும். சரிவை விட்டுவிட்டு, சமமாக இருக்கிற இடத்தில் மாட்டுங்கள்.

கிளாம்புக்கு அடியில் ரப்பர் வேண்டும். பஞ்சர் கடையில் தூக்கிப் போடுகிற பழைய டியூபில் ஒரு துண்டு கேட்டால் காசு கூட வாங்க மாட்டார்கள், அதைக் கிளாம்பின் அகலத்துக்கு வெட்டி ஒரே சுற்று சுற்றினால் போதும். கரண்ட் வேலைக்கான டேப் வேண்டாம், நம் ஊர் வெயிலில் பசை இளகி அதுவே வழுக்க ஆரம்பிக்கும். முறுக்கியதும் கிளாம்பிலிருந்து ஹேண்டில்பார் வரைக்கும் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டி முடித்துப் பார்க்கும்போது கோடு உடைந்திருந்தால் கிளாம்ப் சுற்றியிருக்கிறது, கோடு நேராக இருந்தும் கேமரா சாய்ந்திருந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது.

மூட்டு ஸ்க்ரூவை விரலால் மட்டும் முறுக்கினால் பத்தாது, அதற்கென்று இருக்கிற சின்னச் சாவியால் இன்னும் கால் சுற்று கொடுங்கள். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் பூசுகிற பசையை இங்கே கொண்டு வராதீர்கள், இரும்புக்கு நல்லது, சில வகைப் பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைக்கும்.

எவ்வளவு செய்தாலும் ஒரு நாள் விழலாம், அதனால் கயிறு கட்டாமல் கிளம்பாதீர்கள். மெல்லிய நைலான் கயிறு போதும். கயிறு கேமராவின் சட்டத்தில் இருக்கட்டும், கேமராவைத் தாங்குகிற மவுண்டில் கட்டினால் மவுண்ட் உடையும்போது கயிறும் சேர்ந்து போய்விடும். கட்டியபின் கேமராவைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அது முன் சக்கரத்தின் கம்பிகளை எட்டவே கூடாது. எட்டினால் கேமரா போவது இருக்கட்டும், நீங்கள் தலைகுப்புற விழுவீர்கள்.

இத்தனையும் செய்தபிறகும் படம் அதிர்கிறதா? டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். கேமராவில் இருக்கிற ஸ்டெபிலைசேஷன், அதாவது ஆட்டத்தைச் சரிசெய்கிற வசதி, வெளிச்சம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். விடியுமுன் ஈசிஆரில் எடுத்த வீடியோ கலங்கலாக இருப்பது அதனால்தான், வெளிச்சம் குறையும்போது ஷட்டர் மெதுவாகிறது, ஃபிரேமுக்குள்ளேயே கலங்கியதை எந்த மென்பொருளும் நேராக்காது.

மலைப்பாதைக்கு என் ஓட்டு நெஞ்சுப் பட்டைக்குத்தான், உடம்பே அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ரோடு பைக்கில் குனிந்து ஓட்டினால் லென்ஸ் தரையைப் பார்க்கும், கேமராவைத் தலைகீழாக மாட்டினால் இன்னும் கொஞ்சம் மேலே திருப்ப இடம் கிடைக்கும். ஹெல்மெட்டில் மாட்டுவது எனக்குப் பிடிக்காது. விழும்போது தலையில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு விழ வேண்டுமா?

பின்னால் வருகிற வண்டிகளை எடுக்க, சீட்டைத் தாங்குகிற கம்பியான சீட் போஸ்ட் நல்ல இடம், தொடை உரசாத உயரமாகப் பார்த்து மாட்டுங்கள். மழைக்காலத்தில் மட்கார்ட் இல்லாத வண்டி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள், லென்ஸ் முழுக்கச் சேறுதான்.