பீம்பேட்கா: பாறையில் எழுதாத வயது

நேற்று போபாலிலிருந்து, பழங்கால மனிதர்கள் வரைந்த பாறை ஓவியங்கள் இருக்கும் பீம்பேட்கா குகைகளுக்குப் போய் வந்தேன். முதலில் ஆட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 45 கிலோமீட்டர், போக வர 1,200 ரூபாய் என்று பேசித்தான் ஏறினேன். அடிவாரத்தில் நிறுத்தி, "மேலே ஏற 300, காத்திருக்க 300" என்றார் டிரைவர். அங்கே வேறு வண்டி ஏது? கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக் காசு அதிலேயே போயிற்று. நீங்கள் போனால் காத்திருக்கும் கூலியையும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள். நல்லவேளை, காலையில் வயிறாரப் போஹாவும் சூடான ஜிலேபியும் சாப்பிட்டிருந்தேன்.

1957-ல் ரயிலில் போன தொல்லியல் ஆய்வாளர் வாகண்கர் ஜன்னல் வழியாக இந்தப் பாறைகளைப் பார்த்துத்தான் தேடி வந்தாராம். அவர் கண்ணுக்குக் கோயில் கட்டலாம்!

வழிகாட்டி ஒருவர் எல்லா ஓவியத்துக்கும் "30,000 வருஷம்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. சிவப்பு நிறம் காவிக்கல்லை அரைத்தது. அது இரும்பு ஆக்சைடு, அதில் கரிமம், அதாவது கார்பன், கிடையாது. அப்புறம் கார்பனை அளந்து வயது கணிக்கும் முறையில் எப்படி வயது பார்ப்பது? தரையைத் தோண்டிக் கிடைத்த கற்கருவிகளின் வயது அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லும். மேலே சுவரில் இருக்கும் சாயத்தின் வயது அதுவேதான் என்று ஆகிவிடாது.

ஆனால் எது முன்னே, எது பின்னே என்பதைச் சுவரிலேயே படிக்கலாம். விலங்குகள் நிறைந்த 'மிருகக்காட்சிப் பாறை'க்கு அருகே போய் நின்றேன். வெள்ளையில் நிரப்பி வரைந்த ஓர் உடலின் மேல் சிவப்புக் கோடு ஏறிப் போகிறது. அப்படியானால் சிவப்பு பிந்தியது. வாளோடு குதிரையேறி வருபவர்கள் உலோக காலத்து ஆட்கள். மான் வேட்டைக்காரனையும் இவர்களையும் ஒரே வயதில் அடைப்பது அநியாயம்.

பெரிய குகையில் இன்னொரு கதை. 2021-ல் சுவரில் இருந்த ஒரு தடத்தை, சுமார் 55 கோடி ஆண்டுப் பழைய டிக்கின்சோனியா என்ற உயிரின் புதைபடிவம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பிறகு வேறொரு குழு போய்ப் பார்த்தது. உதிர்ந்துபோன தேன்கூடு! முதலில் எழுதியவரும் தவறை ஒப்புக்கொண்டார். எனக்கு அவர் மேல் மரியாதைதான் கூடியது.

கடைசியாகக் காளான் போல நிற்கும் பாறை. கொம்பு வைத்த பன்றி மாதிரி ஒரு பெரிய சிவப்பு மிருகம், அதன் முன்னே சின்னதாக ஒரு மனிதன், பக்கத்தில் ஒரு நண்டு. துரத்துகிறதா, கனவா, ஏதாவது சடங்கா? வேட்டை என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த நண்டுக்கு அங்கே என்ன வேலை? கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார் டிரைவர். 300 ரூபாய் கொடுத்தாயிற்று, இன்னும் பத்து நிமிடம் அந்த நண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.