ஒரே ஊருக்கு இரண்டு பெயர்: தெற்குத் திரோலில் சில நாட்கள்

ரிட்டன் மேட்டில் ஓடும் சிறிய ரயில் கடைசி நிலையத்தில் நின்று எல்லோரும் இறங்கிய பிறகும் நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். நான் போக வேண்டிய ஊர் குளோபன்ஸ்டைன். பலகையின் மேல் வரியிலோ கொல்லால்போ என்று இருந்தது. இரண்டும் ஒரே ஊர்தான் என்பது கீழ் வரியையும் படித்த பிறகே புரிந்தது.

இத்தாலியின் வட எல்லையில் இருக்கும் தெற்குத் திரோல், முதல் உலகப்போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்து, 1919ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இத்தாலிக்கு வந்தது. முசோலினியின் ஆட்சி ஊர்ப்பெயர்களை இத்தாலிய மொழிக்கு மாற்றியது. ஜெர்மன் பெயர்களோ மக்கள் நாவை விட்டுப் போகவில்லை. இன்றும் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் ஜெர்மன் பேசுகிறார்கள். மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற குரோடன் பள்ளத்தாக்கில் லாடின் என்ற பழைய மொழியும் வழங்குவதால், அங்கே ஊர்ப்பெயர்கள் மூன்றாகிவிடுகின்றன.

மொழி மாறும் வேகத்திலேயே நிலமும் மாறுகிறது. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த போல்சானோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 262 மீட்டர் உயரத்தில் வெயிலில் காய்கிறது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் ஏறினால் பன்னிரண்டே நிமிடங்களில் 1,200 மீட்டருக்கு மேலே, ரிட்டன் மேட்டின் புல்வெளிக் காற்றில் நிற்கலாம். 1907இல் தொடங்கிய அந்தச் சிறிய ரயில் ஓடுவதும் அந்த மேட்டில்தான். ரிட்டனில் உள்ள மண் கோபுரங்களை அவசியம் பார்க்க வேண்டும். பனியாறு விட்டுச்சென்ற களிமண்ணை மழை அரிக்கும்போது, மேலே பாறை கிடக்கும் இடம் மட்டும் கரையாமல் தூணாக நிற்கிறது. குடை பிடித்ததுபோல் இருக்கும் அந்தப் பாறை விழுந்துவிட்டால் தூணும் சில காலத்தில் கரைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மேற்கே உள்ள வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. மழை குறைந்த அப்பகுதியில், மலை ஓடைகளின் நீரைச் சரிவின் குறுக்கே வயல்களுக்குக் கொண்டுவரும் பழைய கால்வாய்களை 'வால்' என்கிறார்கள். நம் 'வாய்க்கா'லின் நடுவெழுத்துகளை யாரோ விழுங்கிவிட்டதுபோல் எனக்குக் கேட்டது. சில வாய்க்கால்களில், ஓடும் நீர் ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு இணைந்த சுத்தியல் மணியை அடித்துக்கொண்டே இருக்கும். மணி நின்றால், எங்கோ அடைத்துக்கொண்டது என்று காவலருக்குத் தெரிந்துவிடும். கரையோரப் பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால், மலையேறப் பழகாதவர்களும் ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலாக மணிக்கணக்கில் நடக்கலாம். வாடகைக் காரும் தேவையில்லை. பல விடுதிகள் தரும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் பேருந்திலும் உள்ளூர் ரயிலிலும் கட்டணமில்லை.

அப்பள்ளத்தாக்கின் வட கோடியில் ரெஷன் ஏரி. மின்சாரத்துக்காக 1950இல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது ஒரு கிராமமே மூழ்கியது. பதினான்காம் நூற்றாண்டின் தேவாலயக் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் நிற்கிறது. மணிகளை முன்பே இறக்கிவிட்டார்கள். ஆயினும் குளிர்கால இரவுகளில் அவை ஒலிப்பதாக ஒரு கதை உண்டு. எல்லோரும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நான் கரையிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீடிழந்தவர்களுக்காக மேட்டில் எழுப்பிய புதிய ஊருக்கும் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். பலகையில் அதுவும் இரண்டு வரிகளில்தான் இருக்கிறது: கிரௌன், குரோன்.