காலி டிரம்

வேதிவினை நடக்கும் கலனான ரியாக்டரைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. கண்ணாடிப் பூச்சு, வெப்பமானி, அழுத்தமானி, அழுத்தம் மீறினால் கிழிந்து வழிவிடும் தகடு, வாயுவைக் கழுவிப் பிடிக்கும் ஸ்க்ரப்பருக்குப் போகும் குழாய் என்று அதற்குக் காவல் ஏராளம். எனக்குப் பயம் வந்தது காலி டிரம்மைப் பார்த்துத்தான். அதுவும் வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் வரை வரவில்லை. பிறகு ஒரு காலை வேளையில் வந்தது, இன்னும் போகவில்லை.

குளோரோஅசிட்டைல் குளோரைடு என்பது அந்த டிரம்மில் வந்த திரவத்தின் பெயர். அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது. ஷிப்டில் 'சிஏசி' என்றுதான் சொல்லுவோம். மருந்துக்கு முந்தைய இடைநிலைப் பொருள்களைச் செய்யும் ஆலைகளில் இது அன்றாடச் சரக்கு. 2,6-சைலிடின் என்ற அமீனோடு இதை வினைபுரியச் செய்து, கிடைப்பதை டைஎத்தில் அமீனோடு சேர்த்தால் லிடோகெய்ன். 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரேன் உருவாக்கி, 1948இல் விற்பனைக்கு வந்த மரத்துப்போகும் மருந்து அது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு அதையோ அதன் உறவுக்கார மருந்தையோ ஈறு அறிந்திருக்கும்.

பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், பழையதானால் லேசான மஞ்சள். தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆனால் கொதிக்கும்வரை காத்திருப்பதில்லை. மூடியைத் திறந்த உடனே ஆவி எழும்பிக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெண்புகையாகும். அந்த ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து வடிகாலில் இறங்கும். எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கப்படும் சராசரி வரம்பு 0.05 பிபிஎம், அதாவது இரண்டு கோடி பங்கு காற்றில் ஒரு பங்கு. கண் எரிகிறது என்றால் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் எரிகிறது, பரவாயில்லை" என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. வெளியே அனுப்பிவிடுவேன்.

அந்தக் காலை வேளைக்கு வருகிறேன். இரவு ஷிப்டில் நான்கு டிரம் சரக்கு ரியாக்டருக்குப் போயிருந்தது. உறிஞ்சு குழாய் அடிவரை போகாது. கடைசி அரை லிட்டரோ ஒரு லிட்டரோ டிரம்மின் விளிம்போரம் தங்கிவிடும். அதைச் சாய்த்து எடுக்க அலுப்புப்பட்ட யாரோ, நான்கின் மேலும் சாக்பீஸால் 'காலி' என்று எழுதி வெளியே உருட்டிவிட்டார். காலையில் வந்த உதவியாளர் அந்த எழுத்தை நம்பினார். அவர் செய்த பிழை அவ்வளவுதான். அலசி வைப்போம் என்று ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றி, டிரம்மை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. சரக்கு கனமானது, தண்ணீருக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கும். ஆட்டியதில் இரண்டும் கலந்ததும் டிரம்முக்குள் பெரிய அண்டாவில் எண்ணெய் காய்வதுபோல் ஒரு சத்தம். பிறகு வாயிலிருந்து கை தடிமனுக்கு வெண்புகை சீறிக்கொண்டு வந்தது. அவர் ஓடிவிட்டார். நான் பத்தடி தள்ளி, காற்று புகையைத் தள்ளிக்கொண்டு வரும் பக்கமாக, கையில் பதிவேட்டோடு நின்றிருந்தேன். கண்ணை மூடியது நினைவிருக்கிறது. திறக்க முடியாமல் போனதுதான் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. இமை என் பேச்சைக் கேட்கவில்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர் என் முழங்கையைப் பிடித்து, "மூச்சை அடக்குங்கள் தம்பி, நடங்கள்" என்று காற்றுக்குக் குறுக்காக இழுத்துக்கொண்டு போனார். கண் கழுவியில் கால் மணி நேரம் நின்றேன். அந்தக் கால் மணி நேரமும் அவர் என் இமைகளை விரலால் விரித்துப் பிடித்திருந்தார். பிறகு மருத்துவமனையில் ஒரு நாள் படுக்க வைத்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால்.

படுக்கையில் வேறு வேலை இல்லாததால் கணக்குப் போட்டேன். அரை லிட்டர் சரக்கின் எடை 710 கிராம். அது முழுவதும் சிதைய 113 கிராம் தண்ணீர் போதும், ஒரு சின்ன டம்ளர் அளவு. வெளியே வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு சாதாரண வெப்பநிலையிலேயே 150 லிட்டருக்கு மேல். வினையின் சூட்டில் இன்னும் விரியும். டிரம்மின் கொள்ளளவு 200 லிட்டர். அந்த உதவியாளர் மூடியைத் திருகிவிட்டு ஆட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை. மூடி சரியாக இறுகாத டிரம் தண்ணீரே ஊற்றாமலும் வீங்கும், காற்றின் ஈரம் போதும். மேல்தட்டு உப்பி நிற்கும் டிரம்மைக் கண்டால் அருகே போய்த் தட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துணிச்சலை நான் மெச்சுவதில்லை.

டிரம்முக்கு அடுத்தபடியாக நான் நம்பாதது ஹோஸ். நைட்ரஜன் அழுத்தத்தில் சரக்கை ஏற்றி முடித்ததும் வால்வை மூடுகிறோம். மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, எல்லோருக்கும் ஹோஸ் காலி. ஆனால் அது வளைந்து தொங்கும் இடத்தில் ஒரு கையளவு திரவம் படுத்திருக்கும். குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சின் முதல் போல்ட்டைத் தளர்த்தும்போது அது சொட்டுவதில்லை, தெறிக்கும். அதனால் ஹோஸைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, நைட்ரஜனை ஸ்க்ரப்பர் பக்கமாக இன்னும் பத்து நிமிடம் விட்ட பிறகுதான் ஸ்பானரை எடுக்க விடுவேன். போல்ட்டிலும் தனக்கு எதிர்ப்புறத்தில் இருப்பதைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். மெல்லிய நைட்ரைல் கையுறையோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். இந்தச் சரக்குக்கு அது கையுறையே அல்ல.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அம்மோனியாக் கரைசல் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் குப்பியின் வாயை ஃபிளாஞ்ச் ஓரமாக மெல்லக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் ஊதுபத்திப் புகைபோல ஒரு வெள்ளை இழை எழும். எங்கள் மூத்த ஆபரேட்டர் அந்தக் குப்பியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். மூக்கால் சோதிக்கும் பழக்கம் உள்ள ஒருவரைப் பார்த்து, "உங்கள் மூக்கு கம்பெனிக் கணக்கில் வராது" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

புதிதாக வரும் பயிற்சியாளர்களில் கவனமாகக் கேட்பவர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார். "தண்ணீர் பட்டால் சீறும் என்கிறீர்கள், மேலே தெறித்தால் ஷவரில் நில் என்றும் சொல்கிறீர்களே?" நல்ல கேள்வி. கெடுதல் செய்வது கொஞ்சம் தண்ணீர். ஒரு குவளை ஊற்றினால் வாயுவும் சூடும் முழுதாக வெளியே வரும். ஷவரில் நிமிடத்துக்குப் பல பத்து லிட்டர் கொட்டும்போது சரக்கை அடித்துக்கொண்டு போகும், சூட்டைத் தணிக்கும், வாயுவையும் கரைத்துக்கொள்ளும். தோலில் வியர்வை எப்படியும் இருக்கிறது. நீங்கள் தண்ணீர் விடாவிட்டாலும் வினை நடந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே உடையைக் கழற்றிக்கொண்டே நில்லுங்கள், கூச்சம் வேண்டாம், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். தரையில் சிந்தியதற்கு மட்டும் குழாயைத் திருப்பாதீர்கள். அதற்கு உலர்ந்த மணல். தீ என்றால் உலர் தூளோ கார்பன் டைஆக்சைடோ.

இதைச் சொல்லும்போது பயிற்சியாளர்கள் தலையாட்டுவார்கள். அடுத்ததைச் சொல்லும்போதுதான் முகம் மாறும். தோலில் பட்ட சரக்கு குளோரோஅசிட்டிக் அமிலமாகி உள்ளே இறங்கும். உடம்பின் செல்கள் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுக்கும் சுழற்சியையே அது தடுத்துவிடும். அந்த அமிலம் உடல் பரப்பில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகப் பட்டே உயிர் போயிருக்கிறது. சுட்ட இடத்தைக் கழுவிவிட்டு, சரியாகிவிட்டது என்று உட்கார்ந்திருப்பவருக்குச் சில மணி நேரம் கழித்து வாந்தி, குழப்பம், வலிப்பு, இதயத் துடிப்பில் தடுமாற்றம் வரலாம். அதனால்தான் உள்ளங்கை அளவு பட்டாலும் ஆம்புலன்ஸ், பாதுகாப்புத் தரவுத் தாளின் ஒரு பிரதியும் கூடவே. மருத்துவர் அதை வெறும் அமிலக் காயம் என்று நினைத்துக் களிம்பு போட்டு அனுப்பிவிடக் கூடாது. "ஷிப்ட் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பது எங்கள் வேலையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். அதைக் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சிஏசியோடு வினைபுரியும் என்பதால் அமீன் டிரம்களை இதே கிடங்கில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அமீன் இறைத்த பம்பைக் கழுவாமல் இங்கே எடுத்து வரக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு மாதமும் யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாக்பீஸ் எழுத்தை நிறுத்தினோம். காலி என்று யாரும் எழுதக் கூடாது; 'எடுத்து முடிந்தது' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். டிரம்மைச் சாய்த்து மீதியை உறிஞ்சி, நைட்ரஜன் விட்டு, மூடியை இறுக்கி, கழுவும் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஸ்க்ரப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அமிலத்தை முறிக்கும் நீர்த்த காஸ்டிக் கரைசல், அதுவும் நிறைய, மூன்று தடவை. கடைசிக் கழுவல் நீரை லிட்மஸில் தொட்டுப் பார்த்தபின் அடியில் ஓட்டை.

ஓட்டை போடுவதில்தான் சண்டை. எங்களோடு பத்து ஆண்டுகளாக இருக்கும் ஒருவர் போன மாதம் வந்து, வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க ஒரு டிரம் வேண்டும் என்றார். கழுவியதுதானே, லிட்மஸ் பார்த்ததுதானே, நல்ல கனமான டிரம்மை வீணாக்குகிறீர்களே என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. உள்பூச்சின் மடிப்பில், மூடியின் கேஸ்கெட்டுக்கு அடியில் என்ன தங்கியிருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவர் கண்ணெதிரிலேயே துளைப்பானை எடுத்து ஓட்டை போடச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் வேளையில் வந்து, கடையில் புது டிரம் என்ன விலை இருக்கும் என்று கேட்டார்.