உப்பு இல்லாத இருபத்திரண்டு நாள்

போன மாதம் எங்கள் கடையில் இருபத்திரண்டு நாள் உப்பு இல்லை. மூட்டை அடுக்கும் பலகை வெள்ளை பூத்துக் காலியாகக் கிடந்தது. காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். "முங்க்வா?" உப்பு இருக்கிறதா? இல்லை என்று தலையசைத்தால் அடுத்த கேள்வி, "மாசுவா?" அப்படியென்றால் கப்பல் எங்கே?

நான் ம்பண்டாகாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். மூன்றரை வருஷம் ஆகிறது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் எக்குவாத்தர் மாகாணத்தின் தலைநகர் இது. பூமத்திய ரேகை ஊருக்குப் பக்கத்திலேயே போகிறது. 1883இல் ஆய்வுப் பயணி ஸ்டான்லி இங்கே நிலையம் அமைத்தபோது அந்த ரேகையின் பெயரைத்தான் வைத்தார். பெல்ஜியக்காரர்கள் தங்கள் அதிகாரி ஒருவரின் பெயரில் 'கொக்கிலாவில்' என்று மாற்றினார்கள். 1966இலிருந்து ம்பண்டாகா.

நாட்டின் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம் சொச்சம். லாரி வருகிற மாதிரி ரோடு கிடையாது. உப்பு, சோப்பு, சர்க்கரை, ஆணி, தூண்டில் முள், தகர ஷீட்டு எல்லாமே காங்கோ ஆற்றில் சுமார் 700 கிலோமீட்டர் நீரோட்டத்தை எதிர்த்து ஏறி வர வேண்டும். நாலைந்து நாளில் வந்துவிட்டால் அதிர்ஷ்டம்.

இந்த முறை எங்கள் சரக்கு ஏறியது ஒரு பாலெய்னியேரில். பலகையால் கட்டிய பெரிய தோணியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். வழியில் அது மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்த ஆற்றில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. போன பயணத்தில் ஆள் மூழ்குகிற ஆழமாக இருந்த தடம், இந்தப் பயணத்தில் இடுப்பளவு நீராக இருக்கும். அதனால்தான் பெரிய பார்ஜ்களின் முனையில் ஆள் நின்று, நீளமான கோலை நீரில் குத்திக் குத்தி ஆழம் பார்த்துக்கொண்டே வருவார்கள். எங்கள் தோணியில் அந்த வேலைக்கு ஆள் இருந்தாரா என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை.

அதே தோணிக்காகக் கடைக்கு எதிரே கரையில் இன்னொருவரும் காத்திருந்தார். பதினான்கு கூடை புகையூட்டிய மீனோடு கின்ஷாசாவுக்குப் போக வேண்டிய மமா. (இங்கே பேசும் லிங்காலா மொழியில் பெரிய பெண்களை இப்படித்தான் கூப்பிட வேண்டும். நெடில் போட்டால் நமக்கு வேறு உறவாகிவிடும்.) ஐம்பது வயதைத் தாண்டியவர். என்னை "லெக்கி" என்பார், அதாவது தம்பி. என் உப்பு வந்தால்தான் அவர் மீன் போகும். அதுவரை நான் கரையைப் பார்த்தபடி, அவர் கூடையைப் பார்த்தபடி.

அந்த மீன் எங்கிருந்து வருகிறது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு பெருகும்போது காட்டுக்குள் நீர் புகுந்துவிடும். மீன்கள் மரங்களுக்கு நடுவே போய்க் குஞ்சு பொரிக்கும். நீர் வடியத் தொடங்கியதும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி, ங்காண்டா எனப்படும் மீன்பிடிக் குடிசைகளுக்குப் போய்விடுவார்கள். குட்டைகளை மண்ணால் அணைகட்டி, தண்ணீரை இறைத்து, சேற்றில் கிடக்கும் மீனைக் கையால் பிடிப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. ங்கோலோ என்பது கெளுத்தி வகை. முங்குசு நம் விராலின் பங்காளி, தலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐஸ் கிடையாது என்பதால் பிடித்த இடத்திலேயே பரண் கட்டிப் புகையில் வைத்துவிடுவார்கள். மமா தோணியில் குடிசை குடிசையாகப் போய் வாங்குவார். பாதி விலை காசாக. மீதி உப்பாக, சோப்பாக, நைலான் நூலாக. அந்த உப்பு எங்கள் கடை உப்பு.

மாலையில் ஒவ்வொரு கூடையாகத் திறப்பார். மேலே மூடிய இலையை விலக்கி, ஒரு மீனை எடுத்து நகத்தால் தட்டுவார். டொக் என்று கட்டைச் சத்தம் வந்தால் அது நல்ல மீன். சத்தம் அமுங்கினால் ஈரம் ஏறிவிட்டது என்று தனியே வைப்பார். அப்புறம் வாலைப் பிடித்து வெள்ளைத் துணிமேல் ஒரு உதறு. துணியில் பழுப்புப் பொடி விழுந்தால் உள்ளே வண்டு அரிக்கிறது. ஒருநாள் என் கையிலும் ஒன்றைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. நான் நன்றாக இருக்கிறது என்று வைத்ததை அவர் எடுத்துத் தட்டி, பேசாமல் மறுபக்கம் வைத்தார்.

தனியே வைத்ததெல்லாம் மறுபடி நெருப்புக்குப் போகும். அதற்கு விறகு வாங்க வேண்டும். இரண்டாம் முறை புகையேறினால் எடை குறையும், தலை உடையும். கின்ஷாசாவில் முழு மீனுக்குத்தான் விலை. உடைந்தது இங்கேயே கூறு கட்டிப் போய்விடும். இரவுக்காவல் ஆளுக்குக் கூலி. ரசீதுப் புத்தகத்தோடும் இல்லாமலும் வந்து நிற்பவர்களுக்குத் தனி. வழிக்கென்று கட்டி வைத்திருந்த க்வாங்காவும் தீர்ந்தது. மரவள்ளியை மூன்று நான்கு நாள் ஊறவைத்து, இடித்து, இலையில் சுற்றி அவிப்பது அது. ஒரு வாரம் கெடாது என்பதால் ஆற்றில் போகிறவர்களுக்கு அதுதான் கட்டுச்சோறு. கரையில் உட்கார்ந்தே கட்டுச்சோறு காலியாகி, அவர் இரண்டாம் முறை கட்டினார்.

இதில் எதற்கும் என் கணக்குப் புத்தகத்தில் பத்தி கிடையாது. படகு தாமதம் என்று ஒரு வரி எழுதுவேன், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் இந்தப் பெண்ணின் லாபம் மொத்தமும் கரைவதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

இதோடு லிக்கெலெம்பா வேறு. ஏலம் இல்லாத சீட்டு. பன்னிரண்டு பெண்கள் வாரம் ஒரு தொகை போட்டு, முறைவைத்து ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். மீன் விற்காவிட்டாலும் வாரம் நிற்காதே. மூன்றாம் வாரம் சேமிப்பிலிருந்து டாலர் நோட்டு ஒன்றை எடுத்து மாற்றித் தரச் சொன்னார். ஓரத்தில் சின்னக் கிழிசல். உள்ளூர் ஃப்ராங்க் நோட்டு கந்தலாக இருந்தாலும் இங்கே கைமாறும், டாலரில் நூலளவு கிழிசல் இருந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன். இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இந்த ஆற்றுக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் மோரெல் நினைவுக்கு வருவார். லிவர்பூலில் ஒரு கப்பல் கம்பெனி குமாஸ்தா. 1890களின் கடைசியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குப் பட்டியலைப் பார்த்தபோது, அன்று பெல்ஜிய மன்னரின் பிடியிலிருந்த காங்கோவிலிருந்து ரப்பரும் தந்தமும் நிறைய வருகிறது, திரும்பிப் போவது பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவும் என்று கவனித்தார். விலை கொடுத்து வாங்கவில்லை, அடித்துப் பிடுங்குகிறார்கள் என்பதை ஏட்டை வைத்தே கண்டுகொண்டார். அந்த ரப்பர் வெட்டிய காடுகளில் இந்த எக்குவாத்தரும் சேர்த்தி. ஏறுவது என்ன, இறங்குவது என்ன என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதை எந்தக் கணக்கு வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை.

லிங்காலாவில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல், லோபி. வினையைக் கேட்டால்தான் எது என்று தெரியும். கடையில் சத்தம் அதிகமாக இருந்த ஒரு மத்தியானம் "மாசுவா… லோபி" என்று மட்டும் காதில் விழுந்து, நேற்றே வந்துவிட்டது என்று நினைத்துக் கரைக்கு ஓடினேன். ஊருக்குச் சற்று மேலே கடுங்காப்பி நிறத்தில் ரூக்கி ஆறு வந்து காங்கோவின் மண்நிற நீரோடு சேர்கிறது. ஆகாயத்தாமரை கும்பல் கும்பலாக மிதந்து போனது. படகைக் காணோம். மமா என்னைப் பார்த்து, நாளைக்காம் என்று கையால் காட்டினார்.

நாளையும் வரவில்லை. நான்கு நாள் கழித்து வந்தது. திட்டிலிருந்து தள்ளும்போது அடிப்பலகை விட்டு நீர் புகுந்ததில் எங்கள் உப்பில் பாதி ஈரம். மூட்டையைத் தூக்கியவர்களின் முதுகெல்லாம் உப்புநீர் வழிந்தது. மறுநாள் விடியுமுன் அதே தோணியில் மமா ஏறினார். பதினான்கு கூடை பதினொன்றாகியிருந்தது.

போன வியாழக்கிழமை கின்ஷாசாவிலிருந்து போன் வந்தது. ஆறு நாளில் போய்ச் சேர்ந்தாராம். மீன் என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

"லெக்கி, அந்த ஈர உப்பை என்ன விலைக்குக் கொடுக்கிறாய்? ங்காண்டாவில் மீனுக்குப் போட அது போதும். யாருக்கும் கொடுத்துவிடாதே."

எட்டு மூட்டையைத் தார்ப்பாய்மேல் பரப்பிக் காயவைத்திருக்கிறேன்.