அரை வீசைப் பொதியை ஓடும் பெல்ட்டில் நிறுப்பது: யாங்கோன் பருப்பு லைனில் செக்வெய்யர் பொருத்திய விவரம்

யாங்கோனின் லைங்தாயா பகுதியில் உள்ள எங்கள் பேக்கிங் லைனில், பயின்னோங் சந்தையிலிருந்து மூட்டையில் வரும் உளுந்தும் துவரையும் அரை பெய்தாப் (பெய்தா மியான்மரின் எடை அளவு) பொதியாகின்றன. நிமிடத்துக்கு 40 பொதி, குவளை அளவில் நிரப்பும் மெஷின். செக்வெய்யரை, அதாவது ஓடும் பெல்ட்டிலேயே ஒவ்வொரு பொதியையும் எடை பார்த்துக் குறைவானதைத் தள்ளிவிடும் மெஷினை, பொருத்தி வைக்க ஒரு நாள்தான் பிடித்தது. எண் நிலையாக நிற்க ஒன்பது நாள் ஆயிற்று. திரையில் மாற்றியது கொஞ்சம். தரை, காற்று, மின்சாரம், இந்த மூன்றில்தான் வேலை.

முதலில் அளவு. பெய்தாவை விஸ் என்றும் எழுதுவார்கள். அது நம் வீசையிலிருந்து போன சொல். ஆனால் எடை ஒன்றல்ல. தமிழ்நாட்டு வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, இங்கே 1.633 கிலோ. மெஷினுக்குக் கிராம் மட்டுமே தெரியும், அதனால் அரை பெய்தாவுக்கு 816.5 என்று கொடுத்தோம். காலிப் பையின் எடை தனி. பத்துப் பையைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் எங்களுக்கு 7 கிராம். பிலிம் ரோல் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

வேகக் கணக்கு போடாமல் பெல்ட்டை ஓட்டக் கூடாது. எடை பெல்ட் 400 மில்லிமீட்டர், பொதி 220. பெல்ட் நொடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடினால், பொதி முழுதாகப் பெல்ட்டின்மேல் இருக்கும் நேரம் 0.36 நொடி. அதற்குள் லோடு செல்லின் (பெல்ட்டுக்கு அடியில் எடையை மின்சாரக் குறியாக மாற்றும் உணரி) ஆட்டம் அடங்கிவிடும். ஒரு பொதியின் முனையிலிருந்து அடுத்ததன் முனைவரை 750 மில்லிமீட்டர் கிடைக்கிறது, தேவை 620. இதே வேகத்தில் 60 பொதி விட்டால் இடைவெளி 500 ஆகிவிடும், ஒரே நேரத்தில் இரண்டு பொதி பெல்ட்டை மிதிக்கும். வேகத்தை நொடிக்கு 667 ஆக்கினால் இடைவெளி தேறும், ஆனால் நிறுக்கும் நேரம் 0.27 நொடியாகச் சுருங்கும். எங்களுக்கு 40 போதும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து ஓட்டச் சோதனை. ஒரே பொதியை மேசைத் தராசில் நிறுத்து, பிறகு பெல்ட்டில் 30 முறை விட வேண்டும். சராசரி மட்டும் தள்ளி நின்றால் மெஷினிலேயே திருத்திவிடலாம். எண்கள் சிதறினால் திருத்தம் எதுவும் உதவாது, காரணத்தைத் தேட வேண்டும். எங்களுக்குத் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி எண்கள் சிதறும் அளவு) 3 கிராமுக்கு மேல் வந்தது. பேக்கிங் மெஷினின் கன்வேயர் செக்வெய்யர் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பையை ஒட்டும் தாடை மூடும் ஒவ்வொரு அடியும் லோடு செல்லுக்குப் போனது. 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நான்கு காலும் தரையில் அழுந்தும்படி நட்டை இறுக்கினோம். பாதிச் சிதறல் போயிற்று. மீதி தலைக்குமேல் சுழன்ற மின்விசிறி! அதை நகர்த்தி, எடை பெல்ட்டைச் சுற்றி அக்ரிலிக் தடுப்பு வைத்தபின் 0.8 கிராமில் நின்றது.

மின்சாரம்தான் இங்கே பெரிய தலைவலி. 10 கிலோ லோடு செல் முழுச் சுமையில் தருவதே 20 மில்லிவோல்ட். ஒரு கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட். மோட்டார் டிரைவின் கேபிளும் லோடு செல் கேபிளும் ஒரே குழாயில் போனால் எண் ஆடாமல் என்ன செய்யும்? தனிக் குழாய் போட்டு, லோடு செல் கேபிளின் உலோக உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தோம்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. பெல்ட்டில் ஒரு பொதி நின்றிருந்தால் மெஷினே பிழை காட்டிவிடும். பை கிழிந்து 20 கிராம் உளுந்து சிந்திக் கிடந்தால் காட்டாது: அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, உளுந்து உதிர்ந்தபின் நல்ல பொதியையெல்லாம் 20 கிராம் குறைவு என்று தள்ளும். அதனால் கரண்ட் வந்ததும் தூரிகையால் பெல்ட்டைத் துடைத்து, பூஜ்யம் வைத்து, பிறகுதான் ஓட்டுகிறோம். காலையில் அரை மணி நேரம் சூடேறவும் விட வேண்டும்.

எவ்வளவு குறைந்தால் தள்ளுவது என்ற எல்லைக்கு, பன்னாட்டுச் சட்ட அளவையியல் அமைப்பின் ஆர் 87 பரிந்துரையைப் பிடித்துக்கொண்டோம். 500 முதல் 1000 கிராம் வரையான பொதியில் குறைவு 15 கிராமைத் தாண்டுபவை 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 30 கிராமுக்கு மேல் ஒன்றுகூடக் குறையக் கூடாது. சராசரியும் குறித்த எடைக்குக் கீழே இறங்கக் கூடாது. 15 குறைத்தால் 801.5, மெஷினின் சொந்தப் பிழைக்கு இடம் விட்டு 804 என்று வைத்தோம். நிரப்புதல் 6 கிராம் திட்டவிலக்கத்தில் சிதறினால் 816.5 என்ற குறியை ஒட்டியே ஓட்டலாம். 10 கிராம் சிதறினால் ஒவ்வொரு பொதியிலும் ஏறக்குறைய 5 கிராம் சும்மா கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பருப்பு குவளையில் வேறு மாதிரி அடைவதால், இந்தச் சிதறல் மூட்டைக்கு மூட்டை மாறும்.

எடை குறைந்த பொதியைத் தள்ளிவிடுவதற்குக் காற்று ஊதல் சிறு பாக்கெட்டுக்குச் சரி. இந்த எடைக்கு சிலிண்டர் தள்ளிதான். கம்ப்ரசர் காற்றில் மழைக்காலத்தில் தண்ணீர் சேர்ந்து சிலிண்டர் மந்தமாகும், தள்ள வேண்டியதை விட்டு அடுத்ததைத் தள்ளும். வடிகட்டிக் கிண்ணத்தைக் காலையும் மதியமும் திறந்து விடுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது, தெரிந்தே 20 கிராம் குறைத்த ஒரு பொதியை நல்ல பொதிகளுக்கு நடுவே மூன்று முறை விட்டு, அதுவேதான் கூடையில் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.