‘செக்’கின் பூர்வீகம்

வங்கியில் நீட்டும் காசோலை, சட்டைத் துணியின் கட்டம், சதுரங்கத்தில் அரசனுக்கு விடும் எச்சரிக்கை ஆகிய எல்லாவற்றுக்கும் நாம் கூச்சமின்றி ‘செக்’ என்றே சொல்கிறோம். அதன் வேரோ, அரசனைக் குறிக்கும் ‘ஷா’ என்ற பாரசீகச் சொல். அரபி, பழைய பிரெஞ்சு வழியாகச் சதுரங்கத்தோடு அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அரசனுக்கு ஆபத்து வந்தால் மற்ற நகர்வுகள் தடைபடும் என்பதால் தடுத்தல், பிறகு சரிபார்த்தல் எனப் பொருள் விரிந்தது. எனக்கு மிகவும் பிடித்த கிளை இங்கிலாந்தின் கருவூலம்: 12ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டம் போட்ட துணியை மேசைமேல் விரித்து, காய்களை நகர்த்தி அரசாங்க வரவைக் கணக்குப் பார்த்தார்கள், அதனால் துறைக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. காசோலைக்கு ‘செக்’ என்ற பெயர், மோசடியைத் தடுக்க, கிழித்துக் கொடுத்தபின் சரிபார்க்க மிச்சம் வைத்த அடிக்கட்டையிலிருந்து வந்தது. அமெரிக்கர்கள் அதை ‘check’ என்ற பழைய எழுத்துக்கூட்டலிலேயே எழுத, பிரிட்டிஷார்தான் கருவூலத்தின் (exchequer) சாயலில் ‘cheque’ என மாற்றிக்கொண்டார்கள்.